கனம் போன இடம்

கனம் குறைந்த காமிரா சந்தோஷம் தருகிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுவது நல்லது. 2012இல் வந்த கேனன் 5டி மார்க் 3, பாட்டரியோடு 950 கிராம். அதில் மாட்டுகிற 24–70 லென்ஸ் இன்னொரு 805 கிராம். இந்த ஒன்றேமுக்கால் கிலோவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே குருசுக்குப்பம் தாண்டி வைத்திக்குப்பம் வரை நடப்பவனுக்குப் படம் எடுப்பது ஒரு காரியம். தீர்மானித்துக் கிளம்ப வேண்டிய காரியம். 2020இல் வந்த ஃபூஜி எக்ஸ்100வி லென்ஸோடு சேர்த்தே 478 கிராம்தான். பால் வாங்கப் போகும்போதும் பையில் கிடக்கும். எடுக்காமலே திரும்பினாலும் சுமந்தது வீண் என்று தோன்றாது. விசேஷ நாட்களுக்கு என்றிருந்த ஒன்று தினசரிக்கு வந்துவிடுகிறது. பெரிய காமிராவை விற்றுவிட்டுச் சிறியதற்கு மாறிய நண்பர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: மறுபடியும் பிடித்திருக்கிறது.

இந்தச் சந்தோஷத்தைக் கேலி செய்கிற ஒரு மனோபாவம் நம்மிடையே உண்டு. சுமை கண்ணுக்குத் தெரிந்தால்தான் சிரத்தை இருப்பதாக நம்புவோம். உரைநடையிலும் இதே கதைதான். வாக்கியம் முக்கி முனகினால் அங்கே ஆழம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அசோகமித்திரனின் வாக்கியங்கள் கனமற்றிருக்கின்றன என்பதற்காகவே அவரைச் சாதாரண எழுத்தாளராக நினைத்தவர்கள் இருந்தார்கள். கழுத்து வலி கலைக்கு அத்தாட்சி ஆகாது. எனவே, சிறிய காமிராவுக்கு மாறுவது சுகவாசிகளின் காரியம் என்ற ஆட்சேபணையை நான் பொருட்படுத்தவில்லை. என் கேள்வி வேறு. காமிராவிலிருந்து போன அந்தக் கனம் எங்கே போயிற்று?

இந்தச் சந்தோஷத்தின் பூர்வீகத்தில் ஒரு மூச்சுத்திணறல் இருக்கிறது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஓஸ்கார் பர்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடும் காமிராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. சினிமா பிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டம் வைத்து, 1913–14இல் ஒரு சிறு கருவி செய்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்குள்ளும் கண்ணாடி கிடையாது. தினசரிப் படம் என்ற ஒன்று அங்கிருந்துதான் சாத்தியமாயிற்று.

கண்ணாடி பிறகு ஆட்சிக்கு வந்தது. 1959இன் நிகான் எஃப் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பத்திரிகைக்காரர்களும் தீவிரக்காரர்களும் வைத்திருந்தது அந்த வகையைத்தான். லென்ஸுக்குப் பின்னால் 45 பாகையில் சாய்ந்து நிற்கும் கண்ணாடி, வெளிச்சத்தை மேலே அனுப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் அது மடங்கி மேலே போகும். வெளிச்சம் பிலிமுக்குப் போகும். கண்ணாடி மறுபடி விழும். அந்தக் கணத்தில் எடுப்பவனுடைய கண்ணுக்கு எதிரே இருட்டு. எந்தக் கணம் படத்தில் பதிகிறதோ அந்தக் கணத்தை அவன் மட்டும் பார்ப்பதில்லை. இந்த விநோதத்தோடு ஒரு சத்தமும் உண்டு. மடங்கி விழுகிற கண்ணாடியின் சத்தம். எதிரே இருப்பவர் தலை நிமிர அது போதும்.

2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியை எடுத்துவிட்டது. 2018இல் நிகானும் கேனனும் தங்கள் பெரிய சட்டக் காமிராக்களிலும் அந்த வழிக்கு வந்தன. இப்போது உள்ளே இருக்கும் சென்ஸார் இடைவிடாமல் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. நாம் கண் வைத்துப் பார்ப்பது ஒரு சின்னஞ்சிறு டெலிவிஷன் திரை. எடுக்கப்போகும் படம் எடுப்பதற்கு முன்பே படமாக அங்கே இருக்கிறது. மின்னணு ஷட்டரைப் போட்டுக்கொண்டால் சத்தமே கிடையாது. எதிராளியின் கண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் பொறுப்பையும் காமிராவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கண்ணின்மேல் ஒரு சிறு கட்டம் வந்து உட்காருகிறது. கண்ணுக்கு உரியவருக்கு அது தெரியாது.

ஆக, கனத்தோடு வேறு சிலவும் போயிருக்கின்றன. அவை என்னவென்று எண்ணிப் பார்க்கலாம். பெரிய காமிரா அறிவிப்புச் செய்தது. தெருமுனையில் திரும்பும்போதே, இவன் படமெடுக்க வந்தவன் என்று சொல்லிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும், முந்தானையைச் சரிசெய்துகொள்ளவும், போடா என்று சொல்லவும் எதிரே இருப்பவருக்கு அவகாசம் கிடைத்தது. அடுத்து, பெரிய காமிரா தயங்க வைத்தது. எடுக்கத்தான் வேண்டுமா என்று தோளே கேட்டது. மூன்றாவதாக, அது உட்கார வைத்தது. சுமந்து வந்தவன் களைத்து எங்காவது ஒரு படகின் ஓரத்தில் உட்காருவான், உட்கார்ந்தவனிடம் யாராவது எந்த ஊர் என்று கேட்பார்கள், பேச்சு நடக்கும். இவை எதையும் எடுப்பவனின் ஒழுக்கம் செய்யவில்லை, இரும்பும் கண்ணாடியும் செய்தன. அவன் நல்லவனாக இருக்க வேண்டிய அவசியம் அங்கே குறைவாக இருந்தது.

கனம்தான் தர்மம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக்கூடாது. சரித்திரம் அதற்கு இடம் தராது. சென்னை ராஜதானியின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தார். அந்தப் படங்களில் கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, மனிதர்கள் அநேகமாக இல்லை. கல்லால் மட்டும்தான் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க முடிந்தது. அத்தனை பெரிய கனம் யாரையும் புண்படுத்தவில்லை என்றால், யாரையும் அது பார்க்கவில்லை என்பதும் ஒரு காரணம். பின்னால் ஸ்டுடியோக்கள் வந்தன. அங்கே காமிரா நகராது. மனிதர்கள்தான் அதைத் தேடிப் போனார்கள். தலை வாரி, பட்டு உடுத்தி, தீட்டிய திரைக்கு முன்னால் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறது. அவற்றில் விறைப்பு இருக்கலாம், திருட்டு இல்லை.

ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த காமிராக்கள் சிறியவை அல்ல. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த வருஷத்தின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசைப் பெற்றது. மணலில் குப்புற விழுந்து இரு கைகளையும் விரித்து ஒரு பெண் அழுகிறாள். இறந்தவரின் கை மட்டும் சட்டத்தின் ஓரத்தில் தெரிகிறது. உலகம் அந்தப் படத்தால் கடலூரை அறிந்தது. உதவிக்கு நீண்ட கைகளில் சில அதனால் நீண்டிருக்கவும் கூடும். அந்தப் படத்தை எடுத்திருக்கக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அழுகிறவளுக்கு அந்த நேரத்தில் காமிராவின் கனம் எந்த அறிவிப்பும் செய்திருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். துக்கத்தின் முன்னால் ஒன்றேமுக்கால் கிலோவும் கால் கிலோவும் ஒன்றுதான். எனவே கனம் செய்த உபகாரத்துக்கு ஒரு எல்லை இருந்தது. அது சந்தர்ப்பம் கொடுத்தது. சம்மதம் வாங்கித் தரவில்லை.

சிறிய காமிரா சம்மதத்தோடும் இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி இதே ஊரில் உண்டு. 1950 ஏப்ரலில், இந்த ஊர் இன்னும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தபோது, ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவோடு அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தார். அரவிந்தரைச் சுமார் முப்பது வருஷங்களாக யாரும் படமெடுக்கவில்லை. அன்னையிடம் அனுமதி கேட்டு, 24ஆம் தேதி தரிசனத்தையும் மறுநாள் அறையில் அமர்ந்திருந்த அரவிந்தரையும் எடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமானார். ஐரோப்பியத் தெருக்களில் ஒருவருக்கும் தெரியாமல் படமெடுப்பதற்காகக் காமிராவின் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டவர் என்று பெயர் பெற்ற மனிதர் இங்கே கேட்டுவிட்டு எடுத்தார். விஷயம் அதோடு முடியவில்லை. அந்த நெகட்டிவ்களை ஆசிரமம் பிறகு விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. தன் முகம் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஆசிரமத்திலிருந்து வைத்திக்குப்பம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தூரம் இவ்வளவுதான் என்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அங்கே அனுமதி கேட்க ஒரு வாசல் இருந்தது. இங்கே வாசலே தெருவில் இருக்கிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்டார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே நகரமும் அதற்கப்பால் குப்பங்களும் மணலை இழந்தன. மணல் இருந்த இடத்தில் பாறாங்கற்கள் வந்தன. வலையைப் பிரிப்பதற்கும் கருவாடு உலர்த்துவதற்கும் மணல் இல்லை என்றால் தெருதான் மிச்சம். அந்தத் தெருவில் நடக்கிற அந்நியன், தான் பொது இடத்தில் நடப்பதாக நினைக்கிறான். அவன் நிற்பது ஒருவருடைய முற்றத்தில். அங்கே அவனுடைய ஓய்வுநேரத் தினசரியும் அவர்களுடைய உழைப்பின் தினசரியும் மோதிக்கொள்கின்றன. அவன் கையில் சத்தமில்லாத காமிரா இருக்கிறது. நெகட்டிவை விலைக்குக் கேட்பவர் யாரும் எதிரே இல்லை. காமிராவிலிருந்து கழன்ற கனத்தை அவன் தன்மேல் ஏற்றிக்கொள்ளாவிட்டால் அது நேராக அந்தப் பெண்ணின்மேல் போய் உட்காருகிறது. எப்போது, எங்கிருந்து, யார் எடுப்பார்கள் என்று நாள் முழுவதும் தயாராக இருக்க வேண்டிய பாரம் அவளுடையதாகிவிடுகிறது.

கருவி இலேசாகும்போது என்ன ஆகிறது என்று குப்பத்தாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய பாட்டன்மார் பருத்தி நூல் வலை போட்டவர்கள். நனைந்தால் அது பிணம்போல் கனக்கும். கரைக்கு வந்ததும் உலர்த்த வேண்டும். இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைக்க வேண்டும். வலைக்கு ஓய்வு தேவைப்பட்டதால் கடலுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பிறகு நைலான் வந்தது. இலேசு, இற்றுப்போகாது, ஒற்றை இழை நரம்பு வலையோ தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கே தெரியாது. பிடிப்பவனுக்கு அது பெரிய விடுதலை என்பதில் சந்தேகமில்லை. பழைய நூல் வலைக்குத் திரும்பு என்று கரையில் நின்று சொல்பவன் ஒருநாள் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அறுந்து அடியில் போன நைலான் வலை யாருக்காகவும் இல்லாமல் மீனைப் பிடித்துக்கொண்டே கிடக்கிறது. எடுத்தவனே மறந்துவிட்ட படங்கள் எங்கெங்கோ முகங்களைப் பிடித்துவைத்திருப்பதைப்போல.

இதில் கவனிக்க வேண்டியது வலைகளைப் பற்றி அவர்கள் நடத்தும் வாதம். எந்த வலையைப் போடலாம், கண்ணி எவ்வளவு சிறியதாக இருக்கலாம், சுருக்குமடி கூடுமா கூடாதா என்று இந்தக் கடற்கரையில் ஊருக்கு ஊர் பஞ்சாயத்து நடந்திருக்கிறது, கைகலப்பும் நடந்திருக்கிறது. 2021இல் புதுச்சேரியிலேயே சுருக்குமடியை முன்னிட்டு இரண்டு ஊர்க்காரர்கள் கடலில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளில் வயிற்றுப்பாடும் பலமும் கலந்திருக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும், கருவியின் சாமர்த்தியம் முழுவதையும் உபயோகிக்கலாமா என்ற கேள்வி அங்கே பொதுவில் வைத்துப் பேசப்படுகிறது. படமெடுப்பவர்களுக்கு அப்படி ஒரு பஞ்சாயத்து இல்லை. எவ்வளவு மங்கலிலும் எடுக்கும், ஒரு விநாடிக்கு எத்தனை எடுக்கும் என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. எந்த அளவு சிறிய மீனைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்ற கேள்வி நம்மிடம் இன்னும் வந்து சேரவில்லை.

குப்பத்திலும் இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, காமிராக்களிலேயே இலேசானது அதுதானே, அவர்களும் ஒருவரையொருவர் எடுத்துக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்க்கப்படுவதற்கென்றே பிறந்த ஊமை ஜனங்களாக அவர்களைக் கற்பனை செய்துகொண்டு அவர்களுக்காக நான் உருகினால் அது இன்னொரு அவமரியாதை. கல்யாண வீட்டில் ஆடுவதையும் பிடித்த பெரிய மீனையும் அவர்களே எடுத்து, யாருக்குக் காட்ட வேண்டுமோ காட்டுகிறார்கள். வித்தியாசம் அந்தக் கடைசி வார்த்தைகளில்தான் இருக்கிறது. யாருக்குக் காட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். தன் சித்தப்பா எடுத்த படத்தில் ஒரு பெண் அசிங்கமாகத் தெரிந்தால், அழித்துவிடு என்று அன்றே சொல்ல அவளுக்கு ஒரு வழி உண்டு. அந்நியனின் படத்துக்கு அந்த வழி கிடையாது. போன் பரவியதால் அந்நியனுக்கு உரிமை எதுவும் புதிதாக வந்துவிடவில்லை.

அப்படியானால் இலேசான காமிராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வைத்திக்குப்பத்துக்கு வருஷத்தில் ஒருநாள் வருகிறவர்களைப் பார்த்தால் ஒரு யோசனை கிடைக்கலாம். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்காக மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்த் தெய்வங்களும் இந்தக் கடற்கரைக்கு வந்து சேருகிறார்கள். நம் கோயில் அமைப்பில் மூலவர் கல், கனம், நகராதவர். நடக்க முடிந்தவர்கள், உள்ளே விடப்பட்டவர்கள் மட்டும் அவரைப் போய்ப் பார்க்கலாம். உற்சவர் உலோகம், தூக்கிச் செல்வதற்கென்றே வார்த்த உருவம். அவர் இலேசாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வர முடியாதவர்களிடம் தானே போக வேண்டும். போய், அவர்கள் கண்ணில் பட வேண்டும். மேளதாளத்தோடு வருகிறார். ஒளிந்து வருகிற உற்சவர் எங்கும் இல்லை. இலேசாக இருந்தாலும் அவருடைய பாரம் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூக்குகிறவர்களின் தோள் காய்த்திருக்கும்.

கண்ணாடி இல்லாத காமிராவை இந்த அர்த்தத்தில் இலேசாக வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். சத்தமில்லாத ஷட்டரைத் தூங்குகிற குழந்தைக்கும் சங்கீதக் கச்சேரிக்கும் வைத்துக்கொள்ளலாம். தெருவில் சத்தத்தைப் போட்டே வைக்கலாம். பல காமிராக்களில் அது ஒரு சிறு தேர்வு, மெனுவில் இருக்கிறது. பெரிய காமிரா உட்கார வைத்தது. சிறிய காமிராக்காரன் தானாக உட்கார வேண்டும். பெரியது முகத்தை முழுக்க மறைத்தது. சிறியதை இறக்கிவிட்டு முகத்தைக் காட்ட முடியும். தினசரி என்ற வார்த்தையை அவன் உண்மையாகவே எடுத்துக்கொண்டால் நாளையும் அதே தெருவுக்கு வர வேண்டியிருக்கும். நாளை வருகிறவனால் இன்று திருடிவிட்டுப் போக முடியாது. எடுத்ததை அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கலாம். வேண்டாம் என்றால் அவர்கள் எதிரிலேயே அழிக்கலாம். இவை பெரிய தர்மங்கள் இல்லை. முன்பு இரும்பு செய்துகொண்டிருந்த வேலையை மனிதன் கையால் செய்வது, அவ்வளவுதான். இதனால் சந்தோஷம் குறைந்துவிடும் என்று சொல்பவர்கள், தாங்கள் ரசித்தது படமெடுப்பதையா, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையா என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவர்களான நாம் இதை வேறு யாருடைய பிரச்சினையாகவோ ஒதுக்கிவிட முடியாது. காமிராக்களுக்கெல்லாம் முன்னால் வந்த சத்தமில்லாத கருவி நம்முடையது. பேருந்தில் அடுத்த ஸீட்டில் இருப்பவர் தன் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார்; ஆறு மாதத்தில் அந்தத் தம்பி நம் கதையில் செத்துப்போகிறான். கிராமத்து அத்தையின் பேச்சு வழக்கு நம் உரையாடலுக்கு உயிர் தருகிறது. அத்தைக்கு இந்தப் பத்திரிகையின் பெயர்கூடத் தெரியாது. பேனா எத்தனை கிராம் என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. பெயரை மாற்றி, ஊரை மாற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நாமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். படமெடுப்பவனிடமாவது எதிரே இருந்தவரின் முகம் அப்படியே இருக்கிறது. அடையாளம் கண்டு வந்து அவனைக் கேட்க முடியும். நம்மிடம் வந்து கேட்பதற்குக்கூட அவர்கள் முதலில் நம்மைப் படித்திருக்க வேண்டும்.